திராட்சைத் தோட்டத்தில் களையும் நூற்புழுவும்

(பண்ணை வானொலிப் பேச்சு)



'களை பிடுங்காப் பயிர் கால்பயிர்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். களை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் பதில் சொல்லிவிடுவீர்கள். பயிருக்குப் போட்ட உரத்தை அது தின்கிறது, பாய்ச்சிய தண்ணீரைக் குடிக்கிறது, வெளிச்சத்தை மறைக்கிறது. மூன்றும் சரிதான். இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற காரணங்கள். மண்ணுக்குள் நாலாவதாக ஒரு காரணம் இருக்கிறது. நம் கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை விவசாயிகளும், பசுமைக்குடிலில் வெள்ளரி, தக்காளி போடுகிறவர்களும் அதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு பன்னீர் திராட்சைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். பந்தலின் கீழ்ப்புறத்தில் இரண்டு வரிசை மட்டும் நோஞ்சானாக இருந்தது. கவாத்து செய்தபின் வந்த தளிர் நீளவில்லை. இலை வெளிறியிருந்தது. குலை சிறுத்திருந்தது. தண்ணீர் பாய்ச்சிய மறுநாளே மத்தியான வெயிலில் இலை துவண்டது. நான் இலையைத் திருப்பிப் பார்த்தேன், மேலும் கீழும் பார்த்தேன், "சத்துக் குறைவுதான் அண்ணே" என்று சொல்லி, கூடுதலாகத் தழைச்சத்தும் துத்தநாகமும் போடச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த கவாத்துக்குப் பிறகு போனேன். அதே இரண்டு வரிசை இப்போது நாலு வரிசை ஆகியிருந்தது. "நீங்க சொன்னீங்கன்னு உரத்துக்கே ஒரு தொகை ஆயிருச்சு சார்" என்றார் தோட்டக்காரர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்குக் களை எடுக்க வந்திருந்த ஒரு அம்மா, சாயங்காலக் குழம்புக்கென்று குப்பைக்கீரையை வேரோடு பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தார். அதில் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "சார், இந்த வேரைப் பாருங்க, பாசி கோத்த மாதிரி இருக்கு. மூணு வருசமா இந்தப் பக்கத்துல மட்டும் இப்படித்தான் இருக்கு" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. உடனே மண்வெட்டியை வாங்கி, வாடிய கொடி ஒன்றின் தூர் ஓரத்தில் மண்ணை விலக்கினேன். திராட்சையின் சன்ன வேர்களிலும் அதே முடிச்சு. மூன்று வருஷமாக அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்த ஒன்று, விவசாயப் பட்டம் படித்த எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் இலையைப் பார்த்தேனே தவிர வேரைப் பார்க்கவில்லை. அவரிடம் நான் கேட்கவும் இல்லை.

வேர்முடிச்சு நூற்புழு

அந்த முடிச்சுக்குக் காரணம் வேர்முடிச்சு நூற்புழு. விஞ்ஞானிகள் இதை மெலாய்டோகைன் என்பார்கள். மண்ணில் திரியும் இளம் புழு அரை மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது, கண்ணுக்குத் தெரியாது. சன்ன வேரின் நுனியைத் துளைத்து உள்ளே போகும். ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு வேரின் சாற்றை உறிஞ்சும். சுற்றியுள்ள வேர்ப்பகுதி வீங்கி முடிச்சாகும். மண்ணிலிருந்து நீரும் சத்தும் மேலே போகிற வழி அடைபடும். அதனால்தான் தண்ணீர் இருந்தும் கொடி வாடுகிறது, உரம் இருந்தும் இலை வெளிறுகிறது.

உள்ளே போன பெண் புழு பேரிக்காய் போல உருண்டு திரண்டுவிடும். அதன்பிறகு அதனால் நகர முடியாது. இருந்த இடத்திலேயே பசை போன்ற ஒரு பையில் முட்டையிடும். ஒரு பையில் 200 முதல் 500 முட்டை வரை இருக்கும். நம் ஊர் மண்ணின் சூட்டுக்கு ஒரு தலைமுறை முடிய ஏறத்தாழ 25 முதல் 30 நாள் போதும். இன்னொரு சங்கதி: இந்த இனத்தில் பெரும்பாலும் ஆண் புழு தேவையே இல்லை. ஒரே ஒரு பெண் புழு இருந்தால் அதிலிருந்தே பெருகிவிடும்.

இது புதிதாக வந்த பூச்சி அல்ல. 1855-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் பெர்க்லி என்ற பாதிரியார், கண்ணாடிக் குடிலில் வளர்ந்த வெள்ளரியின் வேரில் இந்த முடிச்சைக் கண்டு எழுதி வைத்தார். ஆக, உலகத்திலேயே இதைப் பற்றிய முதல் பதிவே பசுமைக்குடிலில் இருந்துதான் வந்தது. நம் நாட்டில் முதலில் கண்டது 1901-இல், நம் நீலகிரி மாவட்டத்துத் தேவாலாவில், தேயிலை வேரில். பார்பர் என்ற தாவரவியல் அறிஞர் அதை எழுதினார். அன்றைக்குத் தொடங்கி தக்காளி, கத்தரி, வாழை, பப்பாளி, திராட்சை என்று இது தொடாத தோட்டக்கலைப் பயிர் குறைவு. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செடி இனங்களில் இந்தப் புழு வளரும். அந்த இரண்டாயிரத்தில் நம் தோட்டத்துக் களைகளும் அடக்கம்.

பொறியும் பொரிப்பகமும்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புழு வேருக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் வெளியே வராது என்று சொன்னேன் அல்லவா? அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குப்பைக்கீரைச் செடி முளைக்கிறது. மண்ணில் பசியோடு அலையும் இளம் புழுக்கள் அதன் வேருக்குள் நுழைகின்றன. களை முளைத்த 15, 18 நாளுக்குள் அந்தச் செடியை வேரோடு பிடுங்கி வெயிலில் காயப் போட்டால் என்ன ஆகும்? உள்ளே உட்கார்ந்த புழு முட்டையிடும் முன்பே வேரோடு சேர்ந்து காய்ந்து செத்துப்போகும். அதாவது அந்தக் களை எலிப்பொறி போல வேலை செய்திருக்கிறது. மண்ணிலிருந்த புழுவை இழுத்துப் பிடித்து உங்கள் கையில் கொடுத்திருக்கிறது.

அதே செடியை "அடுத்த வாரம் ஆள் வரட்டும்" என்று 30, 35 நாள் விட்டுவிட்டால்? வேரில் முட்டைப் பைகள் நிறைந்துவிடும். ஒரு செடியில் வெறும் பத்துப் பை, ஒரு பைக்கு முந்நூறு முட்டை என்று வைத்துக்கொண்டாலும் மூவாயிரம் முட்டை. அப்போது களையைப் பிடுங்கும்போது சன்ன வேர் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடுகிறது. முட்டை எங்கும் போகவில்லை, பொரித்து அடுத்த வேரைத் தேடுகிறது. அடுத்த வேர் யாருடையது? உங்கள் திராட்சைக் கொடியினுடையது.

முதல் பதினைந்து நாளில் களை ஒரு பொறி. முப்பது நாளில் அதுவே பொரிப்பகம். சொல்லில் ஒரு எழுத்துதான் மாறுகிறது, தோட்டத்தில் ஒரு கொடியின் ஆயுசே மாறிவிடுகிறது.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் களையை வேண்டுமென்றே வளரவிட்டுப் பிடுங்கலாமே" என்று யாரும் கிளம்ப வேண்டாம். நாள் தப்பினால் நஷ்டம். தானாக முளைக்கிற களையைச் சரியான நாளில் எடுங்கள் என்பதுதான் நான் சொல்வது.

எந்தக் களைகள்?

வேர்முடிச்சு நூற்புழுவுக்குப் பிடித்தமான களைகளைக் கேட்டால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும். குப்பைக்கீரை, பருப்புக்கீரை, மணத்தக்காளி, சொடக்குத் தக்காளி, கரிசலாங்கண்ணி, கானாவாழை. இதில் பாதி நாம் சமைத்துச் சாப்பிடுகிற கீரை. அதனால்தான் களைக்கு வரும் பெண்கள், "இது கீரைதானே, நிக்கட்டும், நாளைக்குப் பறிச்சுக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். மேல் இலையைக் கிள்ளிக்கொண்டு வேரை மண்ணிலேயே விடுகிறார்கள். செடி மறுபடி துளிர்க்கிறது. புழுவுக்கு விருந்து தொடர்கிறது.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். பந்தலில் நாம் அடிக்கிற பூஞ்சாண மருந்தும் பூச்சிமருந்தும் கீழே இருக்கிற கீரை மேலும்தான் விழுகிறது. அதைக் குழந்தைகளுக்குச் சமைத்துப் போடுவது நல்லதல்ல. கீரை வேண்டுமென்றால் வீட்டுக் கொல்லையில் நாலு பாத்தி போட்டுக்கொள்ளுங்கள். களை எடுக்க வருகிற பெண்களுக்கும் அங்கேயே பறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கோரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கோரை வேரிலும் இந்தப் புழு வளரும். கிழங்கு வேறு இருக்கிறது. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்து மிளகாய் வயல்களில் ஆராய்ந்து பார்த்தபோது, மண்ணுக்குப் போட்ட புகைமருந்துகூடக் கோரைக் கிழங்கோடு ஒட்டியிருந்த புழுவை முழுசாக ஒழிக்கவில்லை என்று கண்டார்கள். கிழங்கு புழுவுக்கு ஒரு கோட்டை மாதிரி. ஆகவே கோரை மண்டிய இடத்தில் பவர் டில்லரை ஓட்டிவிட்டு அதே சேற்றோடு நல்ல இடத்துக்குப் போகாதீர்கள். கிழங்கும் போகும், புழுவும் போகும்.

பந்தல் தோட்டத்தில் செய்ய வேண்டியது

நம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, கூடலூர் என்று ஊர் ஊராகக் கல்தூண் பந்தல் நிற்கிறது. வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். இது நமக்குப் பெருமை. ஆனால் நூற்புழுவின் பக்கத்திலிருந்து பார்த்தால், வருஷம் முழுக்கச் சோறு கிடைக்கிற ஊர் இது. கொடி பல வருஷம் ஒரே இடத்தில் நிற்கிறது, மண் எப்போதும் ஈரமாக, கதகதப்பாக இருக்கிறது.

பந்தலில் களை எப்போது அதிகம் வருகிறது? கவாத்துக்குப் பிறகு. அதுவரை இலை மூடி நிழல் இருக்கும். வெட்டியதும் வெயில் தரைக்கு இறங்குகிறது. உரம் வைத்துத் தண்ணீர் விடுகிறோம். களை குபீரென்று முளைக்கிறது. அதே நாட்களில்தான் திராட்சைக் கொடியும் புது வெள்ளை வேர் விடுகிறது. நூற்புழுவுக்குப் பிடித்தது அந்தப் புது வேர்தான். ஆகவே கவாத்துக்குப் பிறகு எடுக்கிற முதல் களையின் நாள் மிக முக்கியம். களை முளைத்து மூன்றாவது வாரம் முடிவதற்குள் எடுத்துவிடுங்கள். அதன்பிறகு பந்தல் மூட மூடக் களை தானாகக் குறையும்.

"ஆள் கிடைக்கலையே சார், கூலியும் ஏறிப்போச்சே" என்பீர்கள். உண்மைதான். தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் முடியாது என்றால், முதலில் கொடியின் தூரைச் சுற்றியுள்ள பாத்தியையும், சொட்டுநீர் விழுகிற இடத்தையும் மட்டும் சுத்தம் செய்யுங்கள். வேர் அதிகம் இருப்பது அங்கேதான். நாள் கடந்து மூன்று தடவை எடுப்பதைவிட, நாள் பார்த்து ஒரு தடவை எடுப்பது மேல்.

எடுக்கிற விதமும் முக்கியம். ஈரம் இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். தூர் அருகில் ஆழமாகக் கொத்தக் கூடாது. கொத்தினால் திராட்சையின் சன்ன வேர் அறுபடும், புண்பட்ட வேரில் வேறு நோய் நுழையும். பிடுங்கிய களையை எங்கே போடுகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். நான் சொன்ன அந்தத் தோட்டத்தில் வாய்க்கால் ஓரம் குவித்து வைத்திருந்தார்கள். தண்ணீர் ஓடும்போது அந்த வேர் மண்ணும் முட்டையும் சேர்ந்து கீழ்ப்புறத்துக்குப் போயிருக்கிறது. இரண்டு வரிசை நாலு வரிசை ஆன கதை அதுதான். அதனால் களையைப் பாதை ஓரமோ பாறையின் மேலோ பரப்பி, கையில் நொறுங்குகிற அளவுக்குக் காயவிட்டு, தோட்டத்துக்கு வெளியே குழியில் போடுங்கள். பச்சையாக எருக்குழியில் போட்டு, சரியாக மக்காத எருவை மறுபடி தோட்டத்துக்கே கொண்டுவராதீர்கள்.

களைக்கொல்லி பற்றிக் கேட்பீர்கள். முட்டை வைத்துவிட்ட களையை மருந்தடித்துக் கருக்கினால் மேலே செடி சாகும், கீழே முட்டை சாகாது. மருந்தாக இருந்தாலும் கையாக இருந்தாலும் நாள் கணக்கு ஒன்றுதான். கிளைபோசேட்டை எல்லோரும் இஷ்டப்படி அடிக்கக் கூடாது என்று 2022-இல் ஒன்றிய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்திருக்கிறது. மற்றொரு எச்சரிக்கை: நம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. நெல் வயலும் திராட்சைப் பந்தலும் பல இடத்தில் வரப்புக்கு வரப்பு. நெல்லுக்கு 2,4-டி களைக்கொல்லி அடிக்கும்போது காற்றில் துளி பறந்து வந்தாலே திராட்சை இலை சுருண்டு விசிறி போல ஆகிவிடும். பந்தலை ஒட்டிய வயலில் அந்த மருந்தைத் தொடாதீர்கள். அடித்த தெளிப்பானையும் திராட்சைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

களை எடுத்தால் மட்டும் போதுமா?

போதாது. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். திராட்சைக் கொடியே புழுவுக்கு உணவுதான். களையை எடுத்ததும் புழு பட்டினி கிடந்து சாகப் போவதில்லை, கொடியின் வேரில் அது இருந்துகொண்டேதான் இருக்கும். களையை எடுப்பதால் புழு பெருகுகிற வேகம் குறைகிறது. வரிசைக்கு நடுவில் உள்ள இடம் புழுவின் பண்ணையாக ஆகாமல் இருக்கிறது. மற்ற சிகிச்சை பலிக்க வழி ஏற்படுகிறது.

அந்தச் சிகிச்சை என்ன? கவாத்து செய்யும்போது ஒரு கொடிக்கு 100 கிராம் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் நுண்ணுயிர்க் கலவையை வேர்ப்பகுதியில் இடலாம். கொடிக்கு 200 கிராம் வேப்பம் புண்ணாக்கும் இட வேண்டும். இவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகள். பழைய கையேடுகளில் ஃபோரேட் குருணை என்று போட்டிருக்கும். அது 2020 டிசம்பர் 31 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. யாராவது மிச்சம் இருக்கிறது என்று கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இளம் தோட்டத்தில் ஊடுபயிர் போடுகிறவர்கள் தக்காளி, கத்தரி, வெண்டை, தட்டைப்பயறு போட வேண்டாம். அவையும் புழுவுக்குப் பிடித்தவை. களையைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் வெண்டையை நட்டால் என்ன பிரயோஜனம்? செண்டுமல்லி போடலாம். அதன் வேர் இந்தப் புழுவைக் கட்டுப்படுத்தும். ஆனால் நெருக்கமாக நட வேண்டும், நடுவில் களை இருக்கக் கூடாது. செண்டுமல்லிக்கு இடையே மணத்தக்காளி நின்றால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிய கதைதான்.

பழைய கொடியைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாக நடுகிறவர்களுக்கு இது நல்ல சந்தர்ப்பம். பழைய வேரைப் பொறுக்கி வெளியேற்றுங்கள். நிலத்தைச் சும்மா போட்டால் புழு பட்டினியில் குறையும் என்பது உண்மை. ஆனால் 'சும்மா' என்றால் களை இல்லாமல் சும்மா. குப்பைக்கீரை இடுப்புயரம் நிற்கிற நிலம் நமக்குத்தான் தரிசு, புழுவுக்கு அது விளைநிலம். சித்திரை, வைகாசி வெயிலில் இரண்டு மூன்று உழவு ஓட்டுங்கள். சணப்பு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள். சணப்பில் இந்தப் புழு சரியாகப் பெருகாது. நடும்போது டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கன்று கிடைத்தால் வாங்குங்கள். அந்த வேர் இந்தப் புழுவைத் தாங்கும்.

பசுமைக்குடிலிலும் நாற்றங்காலிலும்

பசுமைக்குடிலுக்குள் நிலைமை இன்னும் கடுமை. மழை இல்லை, குளிர் இல்லை, எப்போதும் ஈரம், எப்போதும் சூடு. வெள்ளரி முடிந்தால் தக்காளி, தக்காளி முடிந்தால் குடைமிளகாய். புழுவுக்கு ஓய்வு நாளே கிடையாது. முதல் வருஷம் அமோகமாக விளைந்த குடில் மூன்றாவது வருஷம் படுத்துவிட்டால், முதலில் வேரைப் பிடுங்கிப் பாருங்கள்.

குடில் வைத்திருப்பவர்கள் பாத்தியைக் கண்ணாடி போல வைத்திருப்பார்கள். பாதை ஓரத்திலும், தகட்டின் அடியிலும், வாசல் பக்கத்திலும் களை நிற்கும். அதைக் கவனிப்பதில்லை. பயிர் முடிந்து பாத்தி காலியாக இருக்கும் ஒன்றிரண்டு மாதம் அந்தக் களைதான் புழுவைக் காப்பாற்றி அடுத்த பயிருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பயிர் முடிந்ததும் பழைய செடியை வேரோடு எடுங்கள். ஓரத்துக் களையையும் எடுங்கள். தண்ணீர் விட்டு மண்ணை நனைத்து, நிறமில்லாத மெல்லிய பாலித்தீன் விரிப்பால் பாத்தியை மூடி, ஓரங்களை மண்ணால் அணைத்து, கோடையில் நாலு முதல் ஆறு வாரம் வெயிலில் விடுங்கள். மேல் மண்ணின் சூட்டில் புழுவும் சாகும், களை விதையும் பெருமளவு சாகும். விரிப்பு போகாத ஓரங்களில் மட்டும் களை இருந்தால் அங்கிருந்து மறுபடி உள்ளே வரும் என்பதை மறக்காதீர்கள். பயிர் காலத்தில் பாத்திக்கு நிலப்போர்வை விரித்தால் களை எடுக்கும் வேலையும் குறையும்.

நாற்றங்காலில் இன்னும் கவனம் தேவை. நிழல்வலைக்குள் பையில் வளர்கிற பப்பாளி, கொய்யா, திராட்சைக் கன்றுகளோடு பைக்குள்ளேயே களையும் வளரும். அந்தப் பையை நட்டால் புழுவையும் சேர்த்து நட்டதுதான். கொய்யாவைத் தாக்குகிற ஒரு கொடிய வேர்முடிச்சு இனம் திண்டுக்கல் மாவட்டத் தோட்டங்களில் கண்டறியப்பட்டு 2016-இல் பதிவானது. அது ஊர் விட்டு ஊர் போவது கன்றுகளின் வேர் மண்ணோடுதான். ஆகவே கன்று வாங்கும்போது இலையின் பசுமையைப் பார்த்து மயங்காதீர்கள். பைக்குள் நிற்கும் களையைப் பிடுங்கி அதன் வேரைப் பாருங்கள். ஒன்றிரண்டு கன்றை உருவியும் பாருங்கள். முடிச்சு இருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

நீங்களே பரிசோதிக்கலாம்

உங்கள் தோட்டத்தில் புழு இருக்கிறதா என்று அறிய நுண்ணோக்கி வேண்டியதில்லை. ஒரு மாதம் தப்பி நிற்கிற குப்பைக்கீரை அல்லது மணத்தக்காளியை மண்வெட்டியால் தோண்டி எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். முடிச்சு தெரிந்தால் புழு இருக்கிறது. பயறு வகைச் செடியில் மட்டும் ஒரு வித்தியாசம் கவனியுங்கள். அதில் இருக்கும் நல்ல வேர்முண்டு விரலால் தள்ளினால் தனியாக உதிரும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு உதிராது, வேரே வீங்கியிருக்கும்.

சந்தேகம் இருந்தால், தோட்டத்தில் பல இடத்தில் அரை அடி ஆழத்திலிருந்து சன்ன வேரோடு மண் எடுத்துக் கலந்து, அதில் கால் கிலோ ஒரு பாலித்தீன் பையில் கட்டி, வெயில் படாமல் கொண்டுவாருங்கள். காயவைத்தால் புழு செத்துவிடும், பரிசோதனை பொய்யாகிவிடும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையம், காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையம் ஆகியவை நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரையும் கேட்கலாம்.

சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். களை முளைத்த 15, 18 நாளுக்குள் வேரோடு எடுங்கள். எடுத்ததை வாய்க்காலில் போடாமல் காயவிடுங்கள். கீரை என்று விட்டுவைக்காதீர்கள். தரிசையும் குடில் ஓரத்தையும் களை இல்லாமல் வையுங்கள். கவாத்தின்போது வேப்பம் புண்ணாக்கையும் நுண்ணுயிர்க் கலவையையும் மறக்காதீர்கள். கன்று வாங்கும்போது வேரைப் பாருங்கள்.

அந்தச் சுருளிப்பட்டித் தோட்டம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நோயுற்ற நாலு வரிசையில் இரண்டைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தக் கொடிகளை எடுத்துவிட்டு, களை முளைக்கவிடாமல் உழுது போட்டு, சணப்பு விதைத்து, ஒட்டுக்கன்று நட்டிருக்கிறார்கள். மற்ற இரண்டு வரிசை நிற்கிறது, காய்க்கிறது. மேல்புறத்துக்கு நோய் ஏறவில்லை. அங்கே களை எடுக்கும் நாளை இப்போது அந்த அம்மாதான் சொல்கிறார். கவாத்து முடிந்து தண்ணீர் விட்ட நாளிலிருந்து அவரே விரல் விட்டு எண்ணிக்கொண்டு, "நாளைக்கு ஆள் விடுங்க" என்று தோட்டக்காரரிடம் சொல்லிவிடுகிறாராம்.

நான் இப்போது எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், இலையைத் தொடுவதற்கு முன் ஒரு களையைப் பிடுங்கி வேரைப் பார்க்கிறேன். நாளைக் காலையில் நீங்களும் உங்கள் தோட்டத்தில் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள்.